தலைக்கு எவ்வளவு?

இராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்தோ ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலையிலிருந்தோ மனிதவளப் பிரிவினர் தொலைபேசியில் அழைத்தால், வணக்கத்துக்கு அடுத்து அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “ஸ்டாஃப் போட்டோ எடுக்கணும் சார், தலைக்கு எவ்வளவு?” தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. காரணத்தை எழுதச் சொல்லி, வேலூரில் இதே வேலையைத் தொடங்கியிருக்கும் தம்பிகள் இருவர் பல நாட்களாகக் கேட்கிறார்கள்.

கேட்பவர்மீது குறை சொல்வதற்கில்லை. முகத்தைப் படமெடுப்பதற்கு நம் ஊர் அறிந்த விலை இரண்டுதான். ஐடா ஸ்கட்டர் சாலைக் கடைகளில் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும் பாஸ்போர்ட் அளவுப் படத்தின் விலை ஒன்று. கல்யாண ஆல்பத்தின் விலை மற்றொன்று. நிறுவனத்துக்காக எடுக்கும் உருவப்படம் இந்த இரண்டிலும் சேராது. நாற்பது பேரின் படங்கள் ஒரே இணையப் பக்கத்தில் வரிசையாக நிற்கும்போது ஒளி, பின்னணி, தலையின் அளவு, கண்மட்டம் ஆகிய நான்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். லிங்க்ட்இன் வட்டமாக வெட்டிக் காட்டுவதால் தலைக்கு மேலும் தோள்களுக்கு வெளியிலும் இடம் விட்டே எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் விலை கொடுப்பது இந்த ஒருமைப்பாட்டுக்குத்தான் என்பது எனக்கே தாமதமாகத்தான் விளங்கியது.

தலைக்கு ஒரே எண் சொல்லும் வழக்கத்தை விட வைத்தது இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனம். மிலானில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு முன்னால் இணையதளத்தைப் புதுப்பித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அழைத்தார்கள். நாற்பது பேர், தலைக்கு 300 ரூபாய், மொத்தம் 12,000 என்று பேசி முடித்தேன். படமெடுக்கும் நாளில் உட்கார்ந்தவர்கள் 26 பேர். மற்றவர்களில் சிலர் விடுப்பில் இருந்தார்கள், சிலர் சென்னைத் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள், ஒருவர் முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அடுத்த மூன்று வாரங்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று அவர்கள் அழைத்தபோதெல்லாம் சத்துவாச்சாரியிலிருந்து விளக்குகளையும் பின்னணித் தாளையும் ஏற்றிக்கொண்டு நான்கு முறை போய் 11 பேரை எடுத்தேன். மூவர் கடைசிவரை அகப்படவில்லை. ஆகவே பில் 37 பேருக்கு, 11,100 ரூபாய். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் கணினியில் திருத்தும் வேலை மட்டும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. பணம் மூன்று மாதம் கழித்து வந்தது.

அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கை இன்றும் வைத்திருக்கிறேன். கேமரா, 85 மி.மீ. லென்ஸ், இரண்டு ஃப்ளாஷ், சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டுகள், மடிக்கணினி எல்லாம் சேர்த்து என் முதலீடு ஏறக்குறைய 5 லட்சம். ஐந்து ஆண்டுகளில் இவை பழசாகிவிடும் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம். நிறுவன வேலை எனக்கு ஆண்டில் ஐம்பது நாள் கிடைக்கிறது என்றால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு நாளும் 2,000 ரூபாய் கரைந்துவிடுகிறது. உதவியாளர் கூலி, வண்டி வாடகை, என்னுடைய ஒரு நாள் ஆகியவை அதற்கு மேல். விளக்கைப் பொருத்தி, கூட்ட அறையின் மேசையை நகர்த்தி, டியூப்லைட்டின் பச்சைச் சாயல் முகத்தில் விழாதபடி அணைத்து, ஒளி அளவைச் சோதித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். உட்காருபவர் நால்வரானாலும் நாற்பதின்மரானாலும் அந்த ஒன்றரை மணி நேரம் குறையாது. ஆட்கள் கூடக் கூடச் செலவின் ஒரு பகுதிதான் கூடுகிறது. மறு பகுதி அசையாமல் நிற்கிறது. தலைக்கு இவ்வளவு என்று ஒற்றை எண் சொன்னால், அந்த அசையாத பகுதியை நாமே ஏற்றுக்கொண்டு, எத்தனை பேர் வருவார்கள் என்பதை மட்டும் வாடிக்கையாளர் கையில் விட்டுவிடுகிறோம்.

ஆகவே இப்போது என் கொட்டேஷனில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். விளக்கும் பின்னணியும் பொருத்துவதற்கான அமைப்புக் கட்டணம் ஒரு நாளுக்கு, ஓர் இடத்துக்கு, 9,000 ரூபாய். அதற்கு மேல் ஒருவருக்கு ஒரு திருத்திய படம் 450 ரூபாய். நாற்பது பேருக்கு மொத்தம் 27,000 ஆகிறது, அதாவது தலைக்கு 675. நான்கே பேர் என்றால் 10,800, தலைக்கு 2,700. இந்த இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால், பேரம் பேச வந்தவர்களே ஆட்களை ஒரே நாளில் திரட்டுவதில் அக்கறை காட்டத் தொடங்குகிறார்கள். மேல்விஷாரத்தில் ஒரு முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கிறது என் பொறுப்பு, அவ்வளவுதானே தம்பி?” என்றார். “அவ்வளவுதான் பாய்” என்றேன். பட்டியலில் பெயர் இருந்து அன்று வராதவருக்கும் பாதிக் கட்டணம் உண்டு என்ற வரியைக்கூட அவர் மறுக்கவில்லை.

இயக்குநர்களுக்கு மட்டும் தனி விலை, 2,500. பதவிக்காக அல்ல. ஊழியர்களில் மணிக்கு ஐந்து பேரை எடுக்கலாம். இயக்குநருக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும், அவருடைய அறையிலோ ஆலைக்குள்ளோ விளக்கை மறுபடி அமைக்க வேண்டும், நான்கைந்து வகைகளில் எடுத்துத் தர வேண்டும்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. சித்திரை, வைகாசியில் இந்த மாவட்டத்தில் கோட்டு போட்டு உட்கார்ந்தவர் நெற்றியில் ஐந்தே நிமிடத்தில் வியர்வை மின்னும். அதைத் துடைத்து, பவுடர் ஒற்றி எடுப்பதற்குள் மணிக்கு ஐந்து என்ற கணக்கு மூன்றாகிவிடும். அதனால் கோடைக்காலத்தில் குளிர்சாதன அறையும் காலை ஒன்பது மணித் தொடக்கமும் நிபந்தனைகளாகக் கொட்டேஷனிலேயே இடம் பெறும். பேட்டரியில் இயங்கும் ஃப்ளாஷ்களை வாங்கியதும், மின்சாரம் போய் ஆலை ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் ஒரு முறை மாட்டிக்கொண்டதற்குப் பிறகுதான்.

450 ரூபாயில் அடங்கும் திருத்தம் எது என்பதையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். பரு, கலைந்த முடி, கண்ணாடியில் விழுந்த ஒளி, சட்டைச் சுருக்கம் ஆகியவை அடங்கும். பல்லைச் சரிசெய்வது, டை போட்டுவிடுவது, வேறொரு நாளில் எடுத்த படத்திலிருந்து கோட்டைக் கொண்டுவந்து ஒட்டுவது ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். “கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க” என்ற கோரிக்கைக்கு மட்டும் எந்த விலையும் வைக்கவில்லை. ஒரு வரிசையில் ஒருவரை வெளுப்பாக்கினால் பக்கத்தில் இருப்பவரின் நிறம் பொய்யாகிவிடும் என்று சொல்லி மறுத்துவிடுகிறேன். உண்மையில் எனக்கு அந்த வழக்கமே பிடிப்பதில்லை.

வெளிநாட்டு ஒளிப்படக்காரர்களின் விலைக் குறிப்புகளைப் படித்துவிட்டு, படத்தின் உரிமை நம்முடையது, பயன்பாட்டை மட்டுமே விற்கிறோம் என்று பேசும் இளைஞர்களைப் பார்க்கிறேன். இங்கே சட்டம் வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் செய்தவரே முதல் உரிமையாளர். பயன்பாட்டைப் பிரித்து விலை வைக்க விரும்பினால், வேலை தொடங்கும் முன்பே கையெழுத்துள்ள தாளில் அது இருந்தாக வேண்டும். இணையதளம், அடையாள அட்டை, லிங்க்ட்இன், கண்காட்சிக் கையேடு ஆகியவை என் அடிப்படை விலைக்குள் வரும். விளம்பரப் பலகையும் நாளிதழ் விளம்பரமும் வராது. இப்படி எழுதத் தொடங்கியது, ஊழியர் பக்கத்துக்காக நான் எடுத்த ஒரு பெண்ணின் படத்தைப் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் இருபதடி உயரத்தில் பார்த்த பிறகு. எனக்கு வரவேண்டிய பணத்தைவிட, அந்தப் பெண்ணையே யாரும் கேட்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒளிப்படச் சேவைக்கு 18 சதவீதம். 27,000 என்று பேசிவிட்டு 31,860க்குப் பில் கொடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஆகவே வரி தனி என்பதை முதல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரியான டிடிஎஸ்ஸை ஒப்பந்தப் பணி என்று 1 சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு, தொழில்முறைச் சேவை என்று 10 சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு. எதுவென்று கணக்குப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் தாமதமாவதற்கு மருந்து, நம்மைப் போன்ற சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. கட்டணமில்லாமல் இணையத்திலேயே செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டு யாரிடமும் நான் சண்டைக்குப் போனதில்லை. ஆனால் 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று விதி வந்ததிலிருந்து, பில்லின் தலைப்பில் உத்யம் எண் இருந்தாலே கணக்காளர்கள் மார்ச் மாதத்தில் தாமாகவே அழைக்கிறார்கள்.

நான் கடைசியாகக் கற்றது புதிதாகச் சேரும் ஊழியர்களின் படத்துக்கு விலை வைப்பது. முதல் நாள் வேலையைவிட நீண்ட காலம் வருமானம் தருவது இதுதான், பெரும்பாலோர் கொட்டேஷனில் விட்டுவிடுவதும் இதைத்தான். ஆறு மாதம் கழித்துச் சேர்ந்தவரின் படம் பழைய நாற்பதோடு பொருந்த வேண்டுமானால், அன்றைய அமைப்பு அப்படியே திரும்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னணித் தாளின் வண்ண எண், நாற்காலிக்கும் தாளுக்கும் உள்ள தூரம், விளக்கின் உயரம், லென்ஸின் ஒளித்துளை (அபர்ச்சர்) அளவு எல்லாவற்றையும் பள்ளிக்கூட நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஒருவரோ இருவரோ என்றால் அவர்கள் சத்துவாச்சாரியில் உள்ள என் அறைக்கு வர வேண்டும், ஆளுக்கு 1,200 ரூபாய். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்த பிறகு அழைத்தால் நான் போகிறேன், அமைப்புக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறேன். மேல்விஷாரத்துப் பாய் இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை அழைக்கிறார். அழைக்கும்போது முதலில் சொல்வது தேதியை. பிறகு, பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.