நண்பன் கொடுத்த 10 லட்சம் எந்தக் கணக்கில்?

சாலிகிராமத்தில் சின்னப் படங்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து இந்தப் பக்கம் வந்தவள். முதல் படம் எடுக்க வருகிற பையன்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அக்கா, எல்எல்பி போடலாமா, பிரைவேட் லிமிடெட் போடலாமா?" என்பதுதான். (எல்எல்பி என்றால் கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்.) பேனருக்கு, அதாவது படக் கம்பெனிப் பெயருக்கு, லோகோகூட ரெடியாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பேன்: பணம் யாரோடது, என்ன சொல்லி வாங்கினீங்க?

அங்கேதான் பேச்சு நிற்கும். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் நண்பன் 10 லட்சம், மாமா 5 லட்சம். கேமராமேன் "படம் வித்ததும் பார்த்துக்கலாம்" என்று சம்பளத்தையே விட்டுவைத்திருக்கிறார். சரி, அந்த 10 லட்சம் கடனா, பங்கா? கடன் என்றால் படம் படுத்தாலும் திருப்பித் தரவேண்டும், ஓடினால் அசலும் வட்டியும் தவிர நண்பனுக்கு எதுவும் கிடையாது. பங்கு என்றால் நஷ்டமும் அவனுடையதுதான். எழுதிவைக்காத இடத்தில் நடப்பது இதுதான்: படம் படுத்தால் நண்பன் அதைக் கடன் என்பான், ஓடினால் பங்கு என்பான். டைரக்டர் அப்படியே மாற்றிச் சொல்வார். இரண்டு பேரும் மனதார நம்பித்தான் சொல்வார்கள், அதுதான் கொடுமை.

கடன் என்றே முடிவானால் பேங்க் வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம்.

பங்கு என்றால், படம் விற்ற பணம் யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்ற வரிசையை எழுதுங்கள். 40 லட்சம் ரூபாய்ப் படம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து செலவானது 30, நிலுவைச் சம்பளம் 10. எல்லா உரிமையும் சேர்த்து 34 லட்சத்துக்குப் போகிறது. வரியை இப்போதைக்கு விடுங்கள். "போட்ட காசு முதலில், நிலுவைச் சம்பளம் அப்புறம்" என்று எழுதியிருந்தால், பணம் போட்டவர்கள் 30-ஐயும் எடுத்துக்கொள்வார்கள். ராப்பகலாக உழைத்தவர்களுக்கு 10-க்கு 4 தான் மிஞ்சும். இரண்டையும் ஒரே படியில் வைத்திருந்தால் எல்லாருக்கும் ரூபாய்க்கு 85 பைசா. என் ஓட்டு இரண்டாவதற்கு. பணம் போட்டவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை, ஆனால் ஷூட்டிங்குக்கு முன்னால் கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இந்த வரிசை தெரிந்துவிட்டால் கம்பெனி விஷயம் கால் மணி நேர வேலை. முழுக்க உங்கள் சொந்தப் பணம் என்றால் புரொப்ரைட்டர்ஷிப் (தனி ஆள் நிறுவனம்) போதும். ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் இரண்டையும் காட்டி கரண்ட் அக்கவுண்ட் திறந்துவிடலாம். கடன் வந்தால் வீடுவரை வரும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் பார்ட்னர்ஷிப்பிலும் அதே கதை, கூட்டாளி வைத்த கடனுக்கும் சேர்த்து. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நான் எல்எல்பிதான் சொல்வேன். பொறுப்பு போட்ட பணத்தோடு நிற்கும், மேலே சொன்ன வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். ஃபைனான்ஸியருக்கு உங்கள் பெயரில் புரோ நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போச்சு. படம் ஓடிடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் வருஷா வருஷம் மே 30, அக்டோபர் 30 தேதிகளுக்குள் எல்எல்பி படிவங்கள் போயாகவேண்டும். ஒரே ஒரு படத்துக்காகப் பிரைவேட் லிமிடெட் என்பது விசிட்டிங் கார்டு ஆசை.

அடுத்தது கதை. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி படத்துக்கு உரிமையாளர் தயாரிப்பாளர். கதை, திரைக்கதை இரண்டின் உரிமையும் அவற்றை எழுதியவருடையது. அதை எழுத்துமூலம், கையெழுத்தோடு தயாரிப்பு நிறுவனத்துக்கு மாற்றவேண்டும். "நானே டைரக்டர், நானே பார்ட்னர், எனக்கு எதற்குப் பேப்பர்?" என்று கேட்பவர்களுக்கும் இது உண்டு, எல்எல்பி வேறு ஆள், நீங்கள் வேறு ஆள். அந்தப் பேப்பரில் காலம் எழுதாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும், மலேசியா, சிங்கப்பூர் வியாபாரம் அங்கேயே அடிபடும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் அது காலாவதி, வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர. சின்னப் படம் எது ஒரு வருஷத்தில் முடிகிறது? பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் இருவருக்கும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் ராயல்டி பங்கு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. நடித்தவர்களிடம், ஒரே சீனில் வந்த தாத்தாவிடம்கூட, சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். டீக்கடை சீனில் பின்னால் ஓடிய பழைய பாட்டையும் எடிட்டிங்கிலேயே எடுத்துவிடுங்கள், அதன் உரிமத்துக்கு உங்கள் பட்ஜெட் தாங்காது.

கடைசியாக இரவல் பேனர். தயாரிப்பாளர் சங்க உறுப்பினர் கட்டணம் கட்டமுடியாமல், தெரிந்தவர் பேனரில் டைட்டில் பதிந்து படம் எடுக்கிறவர்கள் நிறைய. டைட்டில் பேனர்காரர் பெயரில் பதிவாகும், சென்சார் சான்றிதழிலும் தயாரிப்பாளராக அவர் பெயர்தான் வரும். ஓடிடிக்காரர்கள் சங்கிலி மாதிரி ஒவ்வொரு பேப்பராகப் பார்த்துக்கொண்டு வருவார்கள், அங்கே வந்து நிற்பார்கள். படத்தின் எல்லா உரிமையும் உங்கள் நிறுவனத்துக்கு என்று பேனர்காரரிடம் எழுதி வாங்கவேண்டும். அதை டைட்டில் பதியப் போகும் அன்றே வாங்கிவிடுங்கள். சென்சார் முடிந்தபிறகு கேட்டால் அதற்கு ஒரு விலை சொல்வார்.