சிவா என்றால் ஏழு

கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடம், ரொறன்ரோ பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் ஒரு யூத அம்மாவின் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய தம்பி இறந்துவிட, பூங்கொத்து வாங்கிக்கொண்டு மேலே போனேன். அவர்கள் துக்க வீட்டுக்குப் பூக் கொண்டுபோகும் வழக்கமில்லை. கதவும் பூட்டாமல்தான் இருந்தது. நான் மணியை அடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்த அம்மா பதிந்த கதிரையில் இருந்தார். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாதாம். நானோ பாடமாக்கிப் போன அனுதாப வசனத்தை முழுதாக ஒப்பித்துவிட்டேன். கேட்டு முடித்தவர், "முதலில் சாப்பிடு" என்றார். மேசை நிறைய பேகல், புகையூட்டிய சால்மன், அவித்த முட்டை. எல்லாம் அயலவர்கள் கொண்டுவந்தவை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத ஊரில் பிறந்த எனக்கு அது மட்டும் விளங்கியது.

கொஞ்ச நாள் கழித்து அவரே 'சிவா பேபி' என்றொரு படம் பார்க்கச் சொன்னார். சிவா என்ற குழந்தையின் கதை என்றுதான் நினைத்தேன். எபிரேயத்தில் சிவா என்றால் ஏழு. ஏழு நாள் துக்கம் காப்பதற்கு அதுதான் பெயர். இயக்கிய எம்மா செலிக்மன் ரொறன்ரோவில் வளர்ந்தவர். நியூயோர்க்கில் படிக்கும்போது குறும்படமாக எடுத்ததை 2020இல் முழுப்படமாக்கினார்.

ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்றே கூட. பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள். துக்க வீட்டுக்கு வரும் டானியல் என்ற இளம்பெண்ணுக்குச் செத்தது யாரென்றே சரியாகத் தெரியாது. உள்ளே அவளுக்கு இரகசியமாகப் பணம் தருகிற ஆள், மனைவி கைக்குழந்தையோடு நிற்கிறான். பழைய காதலியும் நிற்கிறாள். போதாததற்கு அன்ரிமார்: ஏன் இப்படி மெலிந்துவிட்டாய், என்ன படிக்கிறாய், வேலை என்ன? பின்னால் பேய்ப்படம் போல வயலின் கீச்சிடும். இறந்தவரைப் பற்றிப் பேச்சே குறைவு. எனக்குப் பிடித்ததே அதுதான். செத்தவீடு வேறெப்படி இருக்கும்?

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு அந்தியேட்டி, எங்கள் ஊர் வழக்கில் செத்தவருக்குச் செய்யும் கிரியை. வடையை வாயில் வைக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு மாமி:

"தம்பிக்கு இங்க நிரந்தரமா இருக்கக் காட் கிடைச்சிட்டுதோ? கலியாணம் எப்பவாம்?"

எனக்கு வயலின் கேட்டது.