சிங்கிள் ஃபேஸ் வீட்டில் த்ரீ ஃபேஸ் லேத்: டிரைவ் மாட்டிய அனுபவம்

கோவையில் பழைய லேத் கிடைப்பது கஷ்டமில்லை. அதைச் சுற்ற வைக்க த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும், அதுதான் சிக்கல். என் பட்டறைக்கு வருவது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். லேத்தில் இருப்பது 1 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார். அதனால் சிங்கிள் ஃபேஸில் ஓடும் 0.75 கிலோவாட் வி.எஃப்.டி. ஒன்று வாங்கினேன். சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கி, ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தையும் கட்டுப்படுத்தும் டிரைவ் அது.

முதல் வாரம் மோட்டாரின் டெர்மினல் பெட்டியிலேயே போயிற்று. நேம்பிளேட்டில் 415 வோல்ட், ஸ்டார் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பு), 1.8 ஆம்பியர் என்றிருந்தது. இந்த டிரைவ் தருவதோ 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். ஸ்டாரிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், ஆனால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நல்லவேளையாக ஆறு முனைகளும் வெளியே இருந்தன, டெல்டாவாக, அதாவது சுருள்களை முக்கோணமாகச் சேர்த்து, மாற்றினேன். மாற்றியதும் முழுச்சுமை கரண்ட் 3.1 ஆம்பியர் ஆகிவிடுகிறது. டிரைவிலும் அதையே பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஓவர்லோடு பாதுகாப்பு தப்பாக வேலை செய்யும்.

லேத்தில் ஏற்கெனவே ஒரு முன்-பின் கைப்பிடி ஸ்விட்ச் இருந்தது. அதை மோட்டார் வயரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டேன். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் வைத்து, ஓடும்போது துண்டித்தால் டிரைவே போய்விடலாம். ஸ்விட்ச் வேலையெல்லாம் டிரைவின் 24 வோல்ட் கன்ட்ரோல் பக்கம்தான். பழைய கைப்பிடியையே அங்கே இணைத்தேன்: தள்ளினால் ஓடும், நடுவில் வைத்தால் நிற்கும். வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, கடைசல் நடுவில் கரண்ட் போனது. கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். வேலைத்துண்டைக் கழற்றலாம் என்று, அதைப் பிடித்திருக்கும் சக்கின் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினேன், கரண்ட் வந்தது, சக் தானாகவே சுற்றத் தொடங்கியது. சாவி அப்போது கையில் இருந்தது. சக்கில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றே மூன்று வயர் முறைக்கு மாற்றினேன். பச்சை பட்டன் அழுத்தும்போது மட்டும் சேரும். சிவப்பு பட்டன் எப்போதும் சேர்ந்தே இருந்து, அழுத்தினால் பிரியும். கரண்ட் போய் வந்தால் பச்சையை மறுபடி அழுத்தாமல் மோட்டார் அசையாது. சிவப்பு பட்டனோடு வரிசையில் காளான் தலை எமர்ஜென்சி பட்டன். வயர் அறுந்தாலும் கழன்றாலும் மெஷின் நிற்கும், இதுதான் முக்கியம். கைப்பிடி இப்போது திசையை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. டிரைவின் அமைப்பிலும் மூன்று வயர் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வயரை மாற்றினால் மட்டும் போதாது. முடித்ததும் மெயினை ஐந்து தடவை அணைத்துப் போட்டுச் சோதித்தேன்.

இன்னொன்று: லேத் நின்றுவிட்டது என்பதால் கரண்ட் இல்லை என்று ஆகாது. டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், மெயினை அணைத்த பிறகும் சில நிமிடம் இருக்கும். மூடியைத் திறக்குமுன் நான் பத்து நிமிடம் காத்திருந்து, அப்புறம் டி.சி. முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன்.

நிற்கும் நேரத்தை முதலில் 1 விநாடி வைத்தேன்; ஓவர்வோல்டேஜ் பிழை காட்டி டிரைவ் மோட்டாரை விட்டுவிட்டது. இப்போது 4 விநாடி. என் சக் திருகி மாட்டுவது, அதனால் இதற்குமேல் சீக்கிரம் நிறுத்தப் போவதும் இல்லை, கழன்றுவிடும். குறைந்த வேகத்தை 20 ஹெர்ட்ஸில் பூட்டியிருக்கிறேன். மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால் அதற்குக் கீழே ஓட்டினால் சூடாகிறது. மரை போட வேகம் குறைய வேண்டுமென்றால் பெல்ட்டைத்தான் மாற்றுகிறேன்.

டிரைவ் இப்போது சுவரில், லேத்தின் பின்பக்கம், தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. காற்றுத் துளையில் வலை போட்டும் நுண்ணிய இரும்புத் தூள் உள்ளே வருகிறது. அடுத்த ஞாயிறு பெட்டியை லேத்தின் சக் இருக்கும் தலைப்பக்கத்திலிருந்து இன்னும் தள்ளி, உயரமாக மாட்ட வேண்டும்.