சைக்கியாட்ரி வாட்டில கேஸ் பிரசன்ட் பண்ணப் போறவைக்கு

மெடிசின், சேர்ஜரி முடிச்சிட்டு சைக்கியாட்ரி அப்பொயின்ட்மென்டுக்கு (மனநல வாட்டில படிக்கிற முறைக்கு) வாற மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் வாய் திறந்த உடன டயக்னோசிசைத்தான் சொல்லுவினம், "ஸ்கிட்சோஃப்ரீனியா பேஷன்ட் ஒராள்" எண்டு, படிப்பிக்கிற சேர் அதிலயே மறிச்சு "அவர் என்ன சொன்னவர், அதைச் சொல்லும்" எண்டுவார். இங்க ஸ்டெத்துக்கு வேலை குறைவு, ஆள் கதைச்சதும் நாங்கள் கண்ணால கண்டதும்தான் எக்ஸாமினேஷன்.

எங்கட குறூப்பில ஒரு அம்மான்ர கேஸ், ஆளைத் தெரியாத மாதிரி விபரம் மாத்தித்தான் எழுதுறன். மகன் 2009இல முள்ளிவாய்க்கால்ல காணாமல் போனவர். படுத்தா "அம்மா" எண்டு கூப்பிடுற சத்தம் கேக்குதாம், அவன் எங்கயோ இருக்கிறான், வருவான் எண்டு சொல்லுறா. பிரசன்ட் பண்ணின பிள்ளை ஹலூசினேஷன் (இல்லாத சத்தம் கேக்கிறது), டெலூஷன் ரெண்டையும் போட்டு சைக்கோசிஸ் (நிசம் எது எண்டு பிடிபடாமல் போற மனநோய்) எண்டு முடிக்கப் போக சேர் கேட்டார், சத்தம் கேக்கிறது நல்ல முழிப்பிலயோ, கண் அயருற நேரத்திலயோ? மகன் இல்லையெண்டு ஆர் நிரூபிச்சது? உடலும் கிடைக்கேல்லை, 2016இல வந்த சட்டமே இப்பிடியான குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலா காணாமல் போனதுக்கெண்டு ஒரு சான்றிதழ் குடுக்குது, அவவைப் போல காத்திருக்கிற தாய்மார் எத்தினை பேர். ஆதாரம் காட்டியும் மாறாத, அவரின்ர சனத்துக்குள்ளயும் ஒத்துவராத நம்பிக்கைதான் டெலூஷன், இங்க காட்டுறதுக்கு ஆதாரமே இல்லையே. ஆனா ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, ஒண்டிலயும் மனம் போகுதில்லை எண்டு அவ சொன்னது நோட்ஸின்ர கடைசியில கிடந்தது. டிப்ரெஷன். வைத்தியம் செய்யக்கூடிய விசயம் அதுதான்.

செய்வினையும் இப்பிடித்தான், அதைக் கேட்ட உடன சைக்கோசிஸ் எண்டு எழுதினா பாதி யாழ்ப்பாணத்தை அட்மிட் பண்ண வேணும் 😄

தற்கொலை எண்ணத்தைக் கேக்க எல்லாருக்கும் வாய் கூசும், கேட்டா நாங்களே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிடும் எண்டு பயம், அப்பிடி ஒண்டும் ஆகாது. வீட்டுக்காரரை வெளியில விட்டிட்டு "இருந்தென்ன எண்டு யோசிச்சனீங்களோ" எண்டு தொடங்கி, வழி ஏதும் யோசிச்சவையோ எண்ட வரைக்கும் போங்கோ. குடியும் அப்பிடித்தான், "சும்மா கொஞ்சம்" எண்டா விடாதேங்கோ, கள்ளோ சாராயமோ, எவ்வளவு, விடிய எழும்பின உடன வேணுமோ, கை நடுங்குதோ.

கடைசியா இன்சைட், தன்ர வருத்தத்தைப் பற்றி ஆளுக்கு எவ்வளவு விளங்குது எண்டது. "இல்லை" எண்டு ஒற்றைச் சொல்லில முடிக்காதேங்கோ. தனக்கு வருத்தம் எண்டு நினைக்கிறாரோ, அது மனவருத்தமோ, மருந்து வேணுமோ எண்டு மூண்டையும் கேளுங்கோ. வருத்தமே இல்லை எண்டுற மனுசன் மருந்தை ஒழுங்கா எடுக்கவும் கூடும், அதையும் அப்பிடியே சொல்லுங்கோ, சேர் நோண்டிக் கேக்கிற இடம் அதுதான்.