டிசம்பர் 8 வரை

நவம்பர் 9, ஞாயிறு

ஜெர்மனிக்கு வந்து இன்று 61-ஆவது நாள். விசாவில் 90 நாள்தான் தங்கலாம். வந்த நாளும் கணக்கில் உண்டு, போகிற நாளும் உண்டு என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு மறுபடி விரல்விட்டு எண்ணினேன். செப்டம்பர் 10 முதல் நாள் என்றால் டிசம்பர் 8 தொண்ணூறு. 9-ஆம் தேதி என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு மூச்சு வாங்குகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அசதிதான் என்று சொன்னேன்.

நவம்பர் 11

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இதயத் தசை பலவீனமாகிவிட்டதாம்.

நவம்பர் 13

பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு இப்படி வரும், மாத்திரையிலேயே பெரும்பாலும் தேறிவிடுவார்கள் என்கிறார் டாக்டர். சிரிக்காமல், அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார். தாய்ப்பால் நிற்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குட்டிக்கு இனி புட்டிப்பால்தான்.

மணி 1:40, மணி 4:10. புட்டியைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கிறேன். முதல் இரண்டு வாயை நாக்கால் தள்ளிவிட்டு, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறான். கையில் கட்டின வசம்பு பால் வாசத்தில் ஊறிப்போய்விட்டது.

நவம்பர் 16

தூக்கம் வரவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். விசாத்தாளில் ‘வரை’ என்ற இடத்தில் டிசம்பர் 23. ஒரு நிமிடம் உயிர் வந்தது. மாப்பிள்ளையை எழுப்பாமல் விடியும்வரை காத்திருந்து காட்டினேன். “அத்தை, அது பயணத் தேதி முன்னே பின்னே போனால் இருக்கட்டும் என்று கொடுக்கிற 15 நாள். எத்தனை நாள் தங்கலாம் என்பது பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.” பார்த்தேன். 90.

நவம்பர் 17

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பூங்காவில் பார்க்கிற தெலுங்கு அம்மா, சுவிட்சர்லாந்து போய் ஒரு நாள் இருந்துவிட்டு வாங்க, புதுக்கணக்கு ஆரம்பிக்கும் என்றார். அதுவும் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், சேர்ந்த நாடுதான். 29 நாட்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. லண்டன் போய் வந்தாலும் பழைய நாள் அழியாது. எந்தத் தேதியில் நிற்கிறோமோ அங்கிருந்து 180 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும், அதற்குள் 90-ஐத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

நியூ ஜெர்சியிலிருந்து மாப்பிள்ளையின் சித்தி போன் செய்தார். அங்கே பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள், நீட்டிக்க நாளுக்குள் எழுதிப் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை பயமில்லாமல் இருக்கலாம், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்றார். அது அமெரிக்க வழக்கம். ஜெர்மனியில் ஷெங்கன் விசாவுக்கு அது கிடையாது. மனு கொடுத்திருக்கிறேன் என்பதற்காக ஒரு நாள்கூட அதிகம் இருக்க முடியாது. 8-ஆம் தேதிக்குள் பதிலே கையில் வர வேண்டும்.

நவம்பர் 21

வீட்டுக்கு வந்துவிட்டாள். கனமாக எதையும் தூக்கக்கூடாது. குட்டி நாலரைக் கிலோ. “அம்மா, மடியில் வையேன்” என்கிறாள். வைக்கிறேன். எடுக்கிறேன்.

உப்பைக் குறைக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து சுமந்து வந்த அப்பளம், நார்த்தங்காய், மோர்மிளகாய் எல்லாவற்றையும் மேல் அலமாரியில் ஏற்றிவிட்டேன். ரசத்தில் எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாகப் பிழிந்தால் உப்பில்லாதது தெரியவில்லை.

நவம்பர் 24

மாப்பிள்ளை குழந்தை வளர்ப்பு விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 7 வாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம், ஜனவரி 12-இல் ஆரம்பிக்கும். அவசரம் என்று முன்னதாகவும் கேட்டிருக்கிறார். டிசம்பர் 8 முதல் ஜனவரி 12 வரை 35 நாள். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஐந்து வாரம்.

டாக்டரின் கடிதம் வந்தது. ஒரே பக்கம். ‘குழந்தையைத் தூக்க இன்னொருவர் வீட்டில் அவசியம்’ என்ற வரியை மாப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். கடிதம், மனு, காப்பீடு நீட்டித்த தாள், எல்லாம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு இருக்க வேண்டும், அது ஜனவரி வரை கட்டியாயிற்று.

நவம்பர் 26

விசாவை நீட்டிக்க விதியில் மூன்று காரணம் இருக்கிறது. தடுக்க முடியாத நிலைமை. மனிதாபிமானம். முக்கியமான சொந்தக் காரணம். முதல் இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, மூன்றாவதற்கு 30 யூரோ. எங்களுடையது எதில் சேரும் என்று இரவெல்லாம் யோசித்தேன். தள்ளுவண்டியில் கிடக்கிற பிள்ளையைத் தாய் தூக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பது எதில் சேரும்? 90-க்கு மேல் கொடுத்தால் அது ஜெர்மனிக்கு மட்டும் செல்லும் விசாவாக இருக்குமாம். நான் வேறு எந்த நாட்டுக்குப் போகப்போகிறேன்.

அசதி என்று சொல்லியிருக்கக்கூடாது. இரண்டு நாள் முன்னாலேயே கூட்டிப் போயிருக்கலாம்.

நவம்பர் 27

பதில் இல்லை.

நவம்பர் 29

அவரோடு போனில் சண்டை. கருவூலத்தில் 34 வருடம் உட்கார்ந்தவர், விதி என்றால் விதிதான். “கொடுத்தால் இரு, கொடுக்காவிட்டால் 6-ஆம் தேதி விமானம் ஏறு. ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த தடவை விசா கேட்க முகம் இருக்காது.” பெற்ற மகள் உங்களுக்குப் பெரிதில்லையா என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருமினார். சாப்பிட்டாரா என்றுகூட நான் கேட்கவில்லை.

அவர் சொல்வது சரி. என்னை வரவழைக்க மாப்பிள்ளை பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் தாண்டினால் அது அவர் தலையில் விடியும். என் பாஸ்போர்ட்டில் செப்டம்பர் மாத மை முத்திரை இருக்கிறது. அக்டோபர் 12-இலிருந்து விரல்ரேகை, முகம் எல்லாம் எல்லையிலேயே கணினியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஏமாற்றவும் தெரியாது, ஏமாற்றி இங்கே இருக்கவும் மாட்டேன். ஆனால் கேட்கலாம் இல்லையா. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

டிசம்பர் 1

ஊருக்குப் போனால் மறுபடி எப்போது வரலாம் என்று இன்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 90-ஐயும் இருந்து தீர்த்தால் மார்ச் 9 வரை காலை வைக்க முடியாது. அதற்கும் புது விசா, திரும்ப 90 யூரோ, சென்னையில் திரும்ப ஒரு நாள். மார்ச்சில் குட்டிக்கு ஐந்து மாதம். குப்புற விழுந்திருப்பான்.

நாள்காட்டியில் தாள் கிழிக்கவில்லை. நாளைக்குச் சேர்த்துக் கிழித்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 2

அவர் சாப்பிட்டாராம். மெஸ்ஸில் பூசணிக்காய் சாம்பார்.

டிசம்பர் 3

பெட்டியில் பாதி அடுக்கினேன். இவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் புடவைகளை மடித்துக் கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. மூச்சு வாங்காமல் நாலு புடவை மடித்தாள். எண்ணினேன்.

டிசம்பர் 4, வியாழன்

மெயில் வந்துவிட்டது! நாளைக் காலை 8:30-க்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கிறோம் என்றும் இல்லை, மாட்டோம் என்றும் இல்லை. பாஸ்போர்ட்டின் அசல், போட்டோ ஒன்று, மருத்துவக் கடிதத்தின் அசல், திரும்பும் டிக்கெட்.

போட்டோவுக்காக இருட்டில் மாப்பிள்ளையோடு கடைக்கு ஓடினேன். பொட்டைக் கலைக்கச் சொல்வார்களோ என்று பயந்தேன், சொல்லவில்லை.

டிசம்பர் 5

மணி 6:50. வெளியே இன்னும் விடியவில்லை. குட்டியையும் தூக்கிக்கொண்டுதான் போகிறோம், இவளிடம் தனியாக விட முடியாதே. பிளாஸ்கில் வெந்நீர், பால்மாவு மூன்று வேளைக்கு. கடிதம் என் கைப்பையில். இவள் வாசலில் நின்று திருநீறு பூசிவிட்டாள். லிஃப்ட் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்