லதா போய் நிர்மலா வந்த கதை

ஞாயிற்றுக்கிழமை, மும்பை சென்ட்ரல் லைனில் மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில் குறைப்பு. தாணேயிலிருந்து மாட்டுங்கா போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மாமனார் போனில் சொன்னது ஒரே வரிதான்: "சின்ன வேலை மாப்பிள்ளை, எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணணும்."

அத்தையின் சமையல் குறிப்புகள், மொத்தம் 64. மாமா இரண்டு வருடமாக வேர்டில் தட்டிச் சேர்த்தவை. தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பார். அடுத்த பக்கம் போக என்டர், என்டர், இன்னும் பதினோரு என்டர். பொருளடக்கத்தில் வரும் புள்ளிகளைக்கூட ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக வைத்திருந்தார். கோலம் போடுகிறவர்களுக்குக்கூட அந்தப் பொறுமை வராது.

ஃபாண்ட், அளவு எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டி வைக்கும் ஸ்டைலில் மாற்றினால் ஒரே நிமிட வேலை என்று சொல்லி, நார்மல் ஸ்டைலைத் திறந்து 16 என்று போட்டேன். "1/2", "200" எல்லாம் ஊதிப் பெருத்தன. கப்பும் கிராமும் எறும்பு மாதிரி அப்படியே இருந்தன. ஆங்கில எழுத்துக்கும் எண்களுக்கும் ஒரு ஃபாண்ட், தமிழுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற பெயரில் வேறொரு ஃபாண்ட், அளவும் தனி. நான் மாற்றியது முதல் கட்டத்தை மட்டும்.

"இத்தனை நாளா லதாவை வச்சிருக்கீங்க மாமா. இனிமே நிர்மலாவை வச்சுக்கலாம், பார்க்க நல்லா இருக்கும்" என்றேன்.

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது.

"யாருங்க அந்த லதா?"

லதா, நிர்மலா யுஐ இரண்டுமே விண்டோஸோடு வந்த தமிழ் எழுத்துருக்கள் என்பதைத் திரையில் பட்டியலைத் திறந்து காட்டிய பிறகுதான் காபி வந்தது. சர்க்கரை குறைவாகத்தான் இருந்தது.

அப்புறம் சில தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைலைப் போட்டுவிட்டு, அழகுக்காக நார்மலில் பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். தலைப்புகளும் தள்ளிப் போயின. பக்கத்தின் அடியில் நடுவே இருந்த பக்க எண்ணும் நகர்ந்தது. ஹெடிங், ஃபுட்டர் எல்லாமே நார்மலின் வாரிசுகள். தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளாத விஷயத்தில் தாத்தா செய்ததைத்தான் செய்யும். அளவும் நிறமும் ஹெடிங்குக்குச் சொந்தமாக இருந்ததால் அவை தப்பித்தன. நார்மலைப் பழையபடி விட்டுவிட்டு, குறிப்புகளுக்கு மட்டும் 'பாடி டெக்ஸ்ட்' ஸ்டைலைப் போட்டு, தள்ளலை அதில் வைத்தேன்.

"மீதித் தலைப்புக்கு ஹெடிங்கை நான் போடுறேன், நீங்க சாப்பிடுங்க" என்றார் மாமா. சாப்பிட்டு வந்து பொருளடக்கத்தைத் தானாக வரவழைத்தால், வத்தக்குழம்புக்குக் கீழே "எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம் போட்டு..." என்று ஆரம்பித்து அப்பளத்தோடு பரிமாறுவது வரை முழுப் பத்தியும் நிற்கிறது, 37-ஆம் பக்கம் என்ற எண்ணோடு. தலைப்போடு பத்திக்கும் சேர்த்து ஹெடிங் போட்டுவிட்டார்.

"பொருளடக்கத்திலேயே சமைச்சுடலாம்" என்றார் அத்தை.

அதைச் சரிசெய்து, காரம் என்று எச்சரிக்க மிளகுக் குழம்புத் தலைப்பை மட்டும் சிவப்பாக்கினேன். பாயசம் உட்பட 64-ம் சிவந்தன. தேடிப் பார்த்தால், ஹெடிங் ஸ்டைலுக்குள் 'தானாகப் புதுப்பி' என்ற கட்டத்தில் டிக். மாமா அக்கவுன்ட்ஸில் ரிட்டயரானவர். காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. டிக்கை எடுத்தேன், கலரைத் திருப்பினேன், ஒரு பிரதி பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன், கடைசி ஸ்லோ டிரெயினைப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடுவில் போன்.

"மாப்பிள்ளை, என்னமோ கெடுத்துட்டீங்க. முன்னாடி ஒரு தலைப்பை மாத்தினா எல்லாம் மாறும். இப்போ ஒவ்வொண்ணா மாத்த வேண்டியிருக்கு. பன்னிரண்டு முடிச்சுட்டேன்."