அண்ணனை இல்லத்தில் சேர்க்க 18 நாள்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் லோக்கல் ரயில் ஏறினால், குடிப்பவர்களைத் தங்க வைத்துத் திருத்தும் அந்த இல்லத்துக்கு ஒரு மணி நேரம்தான். அண்ணனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு 18 நாள் ஆனது. அவனைச் சம்மதிக்க வைத்தது ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. நாளெல்லாம் தின்றது காகிதம்.

அண்ணன் நான்கு வருடமாகச் சென்ட்ரல் பக்கத்து நடைபாதையில் கிடந்தான். பார்சல் மூட்டை தூக்குவான், வந்த காசுக்கு அன்றைக்கே குடிப்பான். அது போதும், அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.

எங்கள் நாகர்கோவில்காரர்களுக்கு இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்றால் கேதரின் பூத் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1865-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், குடிகாரர்களையும் ஏழைகளையும் தேடிப்போய்த் தொடங்கிய கிறிஸ்தவக் கூட்டம் அந்தச் சேனை. "முதல்ல சூப்பு, அப்புறம் சோப்பு, அதுக்கப்புறந்தான் ரட்சிப்பு" என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அண்ணனைச் சேர்த்தது அவர்களிடம் இல்லை, வேறு ஒரு சின்னக் கிறிஸ்தவ இல்லத்தில். ஒரு வருடம் அங்கேயே தங்க வேண்டும். சாப்பாடு, ஜெபம், வேதபாடம், மாட்டுத் தொழுவ வேலை, சமையல். முதல் 3 மாதம் போன் கிடையாது.

போனில் கேட்டபோது, "கூட்டிட்டு வாங்க பிரதர், பாத்துக்கலாம்" என்றார்கள். நம்பி ஒரு புதன்கிழமை கிளம்பினோம். புதிதாக ஆள் சேர்ப்பது செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தானாம், போனில் அதைச் சொல்லவில்லை. வார்டன் வெளியே வந்து அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தார். "கடைசியா எப்ப குடிச்சீங்க?" "நேத்து ராத்திரி." அவ்வளவுதான், உள்ளே விடவில்லை. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இங்கே டாக்டர் கிடையாது, ஆஸ்பத்திரியில் வைத்துத் தெளிய வைத்துக் கூட்டி வாருங்கள் என்றார். கேட்டை மூடியபோது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அடுத்த வாரம் வார்டில் இரண்டாம் நாள் ராத்திரி அண்ணன் போர்வையிலிருந்து இல்லாத பூச்சிகளைப் பொறுக்கி எறிந்தபோதுதான், அந்த மனிதர் செய்தது சரி என்று புரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது ஓபி சீட்டில் விலாசம் கேட்டார்கள். நடைபாதை என்றேன். "அப்படியெல்லாம் போட முடியாது, ஏதாவது ஒரு அட்ரஸ் சொல்லுங்க." திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த லாட்ஜின் விலாசத்தைச் சொல்லிவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதே விலாசம் ஏறிக்கொண்டது.

ஏழு நாள் கழித்து வெளியே வந்தோம். இல்லம் கேட்டவை: டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார், காசநோய் இல்லை என்ற ரிப்போர்ட், வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷன் கடிதம், என் ஜாமீன் கையெழுத்து.

போலீஸ் கடிதத்துக்குத்தான் உயிர் போனது. அண்ணன் மழை நாளில் ரயில் ஸ்டேஷனுக்குள் படுப்பான், மற்ற நாளில் வெளியே. ரயில்வே போலீசில் "வெளிய படுத்தா எங்க லிமிட் இல்ல" என்றார்கள். வெளியே உள்ள போலீஸ் ஸ்டேஷனில் டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வேற ஏரியா அட்ரஸ் இருக்கே, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால், "லாட்ஜுல தங்கினவருக்கு நாங்க எப்படிக் கொடுக்கிறது?" இரண்டு நாளில் மூன்று ஸ்டேஷன்.

இதற்கு நடுவில் அண்ணனைக் காணோம். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. மறுபடி குடிக்கப் போய்விட்டான் என்று நெஞ்சு அடைத்தது. ராத்திரி எட்டு மணிக்கு அவன் பழைய டீக்கடையில் கிடைத்தான். நான் சாப்பாட்டுக்குக் கொடுத்திருந்த காசில் பழைய பாக்கியைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஏலே, கடனை வச்சிட்டுப் போகப்பிடாதுலா" என்றான். நடுத்தெருவில் நின்று கத்திவிட்டேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார்: "1913-க்கு போன் போடுங்க சார்." மாநகராட்சியின் எண். வீடற்றவர்களுக்கான மாநகராட்சிக் காப்பகம் ஒன்றில் அன்று ராத்திரியே இடம் கிடைத்தது. ஒரு காகிதமும் கேட்கவில்லை. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறதாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னைப் போல அலையப் போகிறவர்கள் முதலில் இங்கே வாருங்கள். படுக்க இடம் கிடைப்பது மட்டுமில்லை, 'இவர் இங்கே தங்கியிருக்கிறார்' என்று லெட்டர்ஹெட்டில் அங்கிருந்த அக்கா எழுதிக் கொடுத்த நாலு வரிதான் எல்லாக் கதவையும் திறந்தது. அந்த ஏரியா ஸ்டேஷனில் அரை மணி நேரத்தில் கடிதம் தந்தார்கள். காசநோய் ரிப்போர்ட்டுக்காகக் காலையில் எழுந்ததும் எடுக்க வேண்டிய சளி மாதிரியையும் அங்கிருந்தே கொடுக்க முடிந்தது. நடைபாதையில் இருந்திருந்தால் அந்த டப்பாவை எங்கே பத்திரமாக வைப்பது?

ஆதாருக்கு ஒரு குறிப்பு. அட்டையும் இல்லை, எண்ணும் தெரியாது, பதிந்திருந்த போன் நம்பரும் செத்துவிட்டது. அப்படியும் ஆதார் மையத்தில் பெயர், பின்கோடு சொல்லித் தேட முடியும். எங்களுக்குப் பிறந்த வருடமும் தேவைப்பட்டது. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மூட்டை தூக்கித் தேய்ந்த விரல் எதுவும் மெஷினில் விழவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார் அங்கிருந்தவர். கண்ணை வைத்துப் பாருங்கள் என்று நான் நகராமல் நின்றேன். ஒரே தடவையில் விழுந்தது. அந்த 18 நாளில் நான் ஜெயித்த ஒரே இடம் அது.

சேர்த்தது வெள்ளிக்கிழமை, பத்து நிமிட வேலை. அம்மாவுக்கு மட்டும் ஒரு பயம்: "மதம் மாத்திருவாவளோ மக்கா?" வார்டனிடம் நேராகவே கேட்டேன். ஜெபத்தில் உட்கார வேண்டும், அது கட்டாயம். படிக்கிற ஒரு வருடத்தில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்றார். கட்டாய ஜெபம் எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் காலை ஐந்தரைக்கு அண்ணனை எழுப்பி உட்கார வைக்க வேறு யார் இருந்தார்கள்?

இப்போது ஐந்தாவது மாதம். முதல் போன் வந்தபோது அம்மாவோடு பேசி முடித்துவிட்டு என்னிடம், டீக்கடைக்கு இன்னும் 20 ரூபாய் பாக்கி என்றான். கொடுத்துவிட்டேன்.

அடுத்தது ஆதாரில் விலாசம் மாற்றுவது. இல்லத்தின் பொறுப்பாளர் அதற்கென்று உள்ள படிவத்தில் சான்று தரலாம், தேதி போட்டதிலிருந்து 3 மாதம்தான் செல்லும். வரும் செவ்வாய் அதற்காக மறுபடி லோக்கல் ரயில். செவ்வாய்தானா என்று இந்த முறை இரண்டு தடவை கேட்டு வைத்திருக்கிறேன்.